மைக்ரோகிளியா மீது விழுந்த பழி (மறதி நோயின் வரலாறு – 9)

மூளையிலுள்ள உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மைக்ரோகிளியா என்னும் அணுக்கள். இவை நரம்பணுக்கள் அல்ல. மின்துடிப்பு எதையும் கடத்துவதில்லை. இரத்தத்திலும் ஈரலிலும் நுரையீரலிலும் கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கித் திரியும் நோயெதிர்ப்பு அணுக்களின் உறவுமுறை இவை. அல்சைமர், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். போன்ற மூளை நலிவு நோய்களில் இவற்றின் பங்கு என்ன என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டில் பல விடைகள் வந்துவிட்டன. பங்கே இல்லை என்று முதலில் சொன்னார்கள். எல்லாம் இவற்றால்தான் என்று பிறகு சொன்னார்கள். இவை செயலிழப்பதே நோய்க்குக் காரணம் என்பது அடுத்து வந்த வாதம். ஒவ்வொரு விடையை நம்பியும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அலாய்ஸ் அல்சைமர் 1906 நவம்பர் 3ஆம் தேதி டியூபிங்கன் நகரில் ஆற்றிய உரையைப் பற்றி இத்தொடரில் முன்பே பார்த்தோம். மறுஆண்டு அச்சான அவரது சிறு கட்டுரையில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பவை இரண்டு: நரம்பணுக்களுக்கு வெளியே கிடந்த படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த இழைகள். அதே கட்டுரையில் மூன்றாவதாக ஒரு குறிப்பும் உண்டு. கிளியா அணுக்கள் பலவற்றில் கொழுப்புத் திரண்டிருந்ததை அவர் பார்த்து எழுதிவைத்தார். அந்த வரியை அடுத்த தலைமுறைகள் கண்டுகொள்ளவே இல்லை. கொழுப்புத் துளிகள் நிறைந்த மைக்ரோகிளியா, நரம்பணுக்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியது 2024இல்தான்.

அக்காலத்தில் கிளியா என்பதே கவனிக்கத் தக்க பொருளாக இல்லை. நரம்பணுக்களை இடம்பெயராமல் பிடித்துவைக்கும் ஒட்டுப்பொருள் என்று ருடால்ஃப் விர்ஹோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சொன்னதே பொதுக் கருத்து. ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ கஹால் தங்க உப்புச் சாயத்தைக் கொண்டு நட்சத்திர வடிவ அணுக்களைத் தெளிவாகக் காட்டினார். நரம்பணு முதல் உறுப்பு, நட்சத்திர அணு இரண்டாவது என்று கணக்கிட்ட அவருக்கு, சாயத்தில் கிளைகளே தெரியாத சிறு அணுக்கள் எஞ்சி நின்றன. அவற்றை 'மூன்றாம் உறுப்பு' என்று பொதுவாகக் குறித்துவிட்டு நகர்ந்தார்.

அந்த எச்சத்தைத் துருவிப் பார்த்தவர் பியோ டெல் ரியோ ஓர்டேகா. வல்லாடோலிட் மாகாணத்துப் போர்ட்டில்லோ என்ற சிற்றூரில் 1882இல் பிறந்தவர். மாட்ரிட்டில் நிக்கோலஸ் அச்சூக்காரோவிடம் பயின்றார். ஆசிரியர் 1918இல் இளம் வயதிலேயே இறந்த பிறகு, திசுக்களுக்குச் சாயம் ஏற்றும் புதிய முறை ஒன்றைத் தானே உருவாக்கினார். வெள்ளி நைட்ரேட்டுடன் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, அதில் உண்டாகும் படிவை அம்மோனியாவில் கரைத்து, மூளையின் மெல்லிய சீவல்களை அதில் நனைப்பது அந்த முறை. நேரமும் சூடும் சற்றுப் பிசகினாலும் சீவல் முழுவதும் கறுத்துப்போகும். கைப்பக்குவம் கூடினால் மட்டுமே அணுக்கள் தெரியும். ஓர்டேகாவின் கையில் கஹாலின் 'மூன்றாம் உறுப்பு' இரண்டாகப் பிரிந்தது. நரம்பிழைகளுக்கு உறை அணிவிப்பவை ஒரு வகை. மெலிந்த உடலும் முள்முள்ளாகக் கிளைத்த கைகளும் கொண்டவை மற்றொரு வகை. பின்னதற்கு மைக்ரோகிளியா என்று பெயர் சூட்டி, 1919இல் வரிசையாகக் கட்டுரைகளை வெளியிட்டார்.

பெயர் சூட்டியதைவிடப் பெரிய காரியம் அவர் அடுத்துச் செய்தது. விலங்குகளின் மூளையில் சிறு காயம் உண்டாக்கி, நாள்வாரியாகச் சீவல் எடுத்துப் பார்த்தார். காயத்துக்கு அருகிலிருந்த மைக்ரோகிளியா தன் கிளைகளை உள்ளிழுத்து, உருண்டு திரண்டு, இடம்பெயர்ந்து, சிதைந்த திசுவை விழுங்கியது. வேலை முடிந்த அணுவின் வயிற்றில் இரையின் மிச்சம் தெரிந்தது. இவை மூளையில் பிறந்தவை அல்ல, கரு வளரும்போது மூளையுறை வழியாக உள்ளே குடியேறியவை என்றும் அவர் முடிவு கட்டினார். நுண்ணோக்கி ஒன்றைத் தவிர வேறு கருவி இல்லாத ஒருவர் எட்டிய முடிவு இது. மூளை நோயெதிர்ப்பின் வரலாற்றில் இதற்கு ஈடான தனிமனிதச் சாதனை வேறில்லை எனலாம்.

அதற்குக் கிடைத்த பரிசு மனக்கசப்பு. தன் கருத்து திருத்தப்பட்டதைக் கஹால் எளிதில் ஏற்கவில்லை. ஆய்வுக்கூடச் சச்சரவுகளும் சேர்ந்துகொள்ள, 1920இல் ஓர்டேகாவைத் தன் கூடத்திலிருந்து வெளியேற்றினார். மாட்ரிட்டின் மாணவர் இல்லத்தில் ஒதுக்கப்பட்ட சிறு கூடத்தில் ஓர்டேகா வேலையைத் தொடர்ந்தார். கனடாவின் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1924இல் அங்கே வந்துதான் அந்தச் சாயமுறையைக் கற்றுக்கொண்டார். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் ஓர்டேகா நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸ், ஆக்ஸ்போர்டு என்று அலைந்து, கடைசியில் புவனஸ் ஐரிஸில் 1945இல் காலமானார். அவரோடு மைக்ரோகிளியா ஆய்வும் ஏறக்குறைய அடங்கிப்போனது. வெள்ளிச் சாயம் மற்றவர் கைக்கு வசப்படாததால், அப்படி ஓர் அணுவகை இருக்கிறதா என்றே பின்னாளில் சிலர் ஐயுற்றனர்.

அந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரத்தத்தில் செலுத்திய சாயம் உடலெங்கும் பரவியும் மூளையில் மட்டும் ஏறவில்லை என்பதைப் பால் ஏர்லிக் 1885 வாக்கில் கண்டிருந்தார். மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 1948இல் பீட்டர் மெதாவர் முயல்களின் மூளைக்குள் வேறு முயலின் தோல் துண்டை ஒட்டிப் பார்த்தார். பிற இடங்களில் சில நாட்களில் அழிக்கப்படும் ஒட்டு மூளைக்குள் பிழைத்துக் கிடந்தது. மூளை நோயெதிர்ப்பின் கண்ணில் படாத தனித் தீவு என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கின. ஆனால் மெதாவரின் சோதனைக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. அதே முயலுக்கு முன்பே உடலில் வேறிடத்தில் தோல் ஒட்டப்பட்டிருந்தால், மூளைக்குள் இருந்த ஒட்டும் அழிந்தது. அதாவது, மூளையால் எதிர்ப்பைத் தொடங்கிவைக்க முடியாவிட்டாலும், வெளியே தொடங்கிய எதிர்ப்பு உள்ளே வந்து வேலை செய்யும். பாடநூல்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன. அந்தப் பிழைக்கு ஐம்பது ஆண்டுகள் விலையானது.

1980களில் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்பிடித்து நிறமேற்றும் ஆன்டிபாடிகள் ஆய்வுக்கூடங்களில் பரவலாயின. வெள்ளிச் சாயத்தின் கைப்பக்குவம் இனித் தேவைப்படவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பீட் ஐகெலன்பூம் 1982இல் அல்சைமர் படிவுகளுக்குள் காம்ப்ளிமென்ட் புரதங்களைக் கண்டார். கிருமிகள்மீது ஒட்டி, விழுங்கவேண்டியது இது என்று அடையாளமிடும் இரத்தப் புரதங்கள் அவை. கிருமியே இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

வான்கூவரில் பேட்ரிக் மெகியர், ஈடித் மெகியர் தம்பதியர் இந்தக் கேள்வியை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டனர். பேட்ரிக் மெகியர் விசித்திரமான மனிதர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். அரசியலோடு ஆய்வையும் விடாமல் நடத்தினார். இறந்தவர்களின் மூளைகளில், போருக்கு ஆயத்தமான நோயெதிர்ப்பு அணுக்கள் மட்டுமே ஏந்தும் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற அடையாளத்தை இவர்கள் தேடினார்கள். அல்சைமர் மூளையின் படிவுகளைச் சுற்றி அந்த அடையாளத்தோடு மைக்ரோகிளியா மொய்த்திருந்தன. பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில், டோப்பமின் சுரக்கும் அணுக்கள் அழிந்துகொண்டிருந்த இடத்திலும் அதே காட்சி. பிந்தைய முடிவை 1988இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அரிசோனாவில் ஜோசஃப் ராஜர்ஸும் அல்சைமர் பற்றி இதே முடிவுக்கு வந்திருந்தார்.

மூளையில் அழற்சி நடக்கிறது என்றால், அழற்சியைத் தணிக்கும் மாத்திரை ஏன் நோயைத் தடுக்கக் கூடாது? முடக்குவாத நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் இத்தகைய மாத்திரைகளை விழுங்குகிறவர்கள். மருத்துவப் பதிவுகளைப் புரட்டிய மெகியர் தம்பதியர், அவர்களிடையே அல்சைமர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று 1990இல் லான்செட் இதழில் எழுதினர். ஜப்பானியத் தொழுநோயாளிகளில் டாப்சோன் மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டவர்களிடமும் மறதி நோய் குறைவாக இருந்ததாக 1992இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாவற்றையும் விஞ்சியது 2001இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலிருந்து வந்த செய்தி. 55 வயதைக் கடந்த 6,989 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், இரண்டாண்டோ அதற்கு மேலோ அழற்சி தணிக்கும் மாத்திரை எடுத்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கே இருந்தது.

இவ்வளவு வலுவான அறிகுறிகள் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் சோதனைக்கு வந்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை. பிரெட்னிசோன் கொடுத்த சோதனை 2000இல் பயனின்றி முடிந்தது. ரோஃபகாக்சிப், நாப்ராக்சன் இரண்டையும் நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்த சோதனையும் 2003இல் அதே கதிக்கு ஆளானது. நோய் வந்த பின் கொடுத்தால் காலம் கடந்துவிடும் என்று, குடும்பத்தில் அல்சைமர் கண்ட, 70 வயதைத் தாண்டிய 2,528 ஆரோக்கியமானவர்களைத் திரட்டித் தடுப்புச் சோதனை ஒன்று அமெரிக்காவில் 2001இல் தொடங்கியது. அதே வகை மாத்திரைகள் இதயத்தைப் பாதிக்கின்றன என்ற அச்சம் கிளம்ப, 2004 டிசம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. கிடைத்த தரவுகளிலும் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. ஏ.எல்.எஸ். நோயில் நிலைமை இன்னும் மோசம். மைக்ரோகிளியாவை அடக்கும் என்று நம்பிக் கொடுத்த மினோசைக்ளின், நோயாளிகளின் நலிவை விரைவுபடுத்தியதாக 2007இல் தெரியவந்தது.

இதற்கிடையில் நேர் எதிர்த் திசையில் வேறொரு குழு போய்க்கொண்டிருந்தது. நோயெதிர்ப்பை அடக்குவதற்குப் பதில் தூண்டிவிடுவது அவர்கள் வழி. ஈலன் நிறுவனத்தின் டேல் ஷெங்க், படிவின் மூலப்பொருளான அமிலாய்டு-பீட்டாவையே தடுப்பூசியாக எலிகளுக்குப் போட்டார். குட்டிப் பருவத்தில் ஊசி பெற்ற எலிகளுக்குப் படிவு ஏறக்குறைய உருவாகவே இல்லை. முதிர்ந்த எலிகளில் இருந்த படிவும் குறைந்தது. 1999இல் நேச்சர் இதழில் வெளியான இந்த முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஏ.என்.-1792 என்ற அந்தத் தடுப்பூசி மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனைக்குச் சென்றபோது, 372 பேரில் 300 பேருக்கு உண்மையான ஊசி போடப்பட்டது. அவர்களில் 18 பேருக்கு மூளையிலும் மூளையுறையிலும் அழற்சி கண்டது. 2002 ஜனவரியில் சோதனை நின்றது.

அதன் பின்கதைதான் இத்துறையை உலுக்கியது. தடுப்பூசி பெற்று இறந்த ஒருவரின் மூளையை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஜேம்ஸ் நிக்கலும் உடன் ஆய்வாளர்களும் பிரேதப் பரிசோதனை செய்து 2003இல் எழுதினார்கள். புறணியின் பெரும் பகுதிகளில் படிவு இல்லை. மைக்ரோகிளியாவுக்குள் அமிலாய்டு கிடந்தது. நோயெதிர்ப்பு தன்னிடம் கேட்டதைச் செய்து முடித்திருந்தது. ஆனால் 2008இல் மேலும் சிலரின் மூளைகளைப் பார்த்தபோது, படிவு கிட்டத்தட்ட முழுதாகத் துடைக்கப்பட்டவர்களும் இறக்கும்போது கடுமையான மறதி நிலையில்தான் இருந்தார்கள் என்பது உறுதியானது. படிவை அகற்றுவது சாத்தியம். ஆனால் நோய் முற்றியபின் அகற்றினால் மூளை திரும்பி வருவதில்லை.

சிகிச்சைகள் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அடிப்படை ஆய்வு வேகமெடுத்தது. உயிருள்ள எலியின் மண்டையோட்டை மெலிதாக்கி, உள்ளே ஒளிரும் மைக்ரோகிளியாவை லேசர் நுண்ணோக்கியால் 2005இல் இரு குழுக்கள் பார்த்தன. 'ஓய்வில் உள்ளவை' என்று பாடநூல்கள் வருணித்த அணுக்கள் ஒரு கணமும் சும்மா இல்லை. கிளைகளை நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தை ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தன. 2010இல் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவப் பள்ளியில் ஃபுளோரன் ஜின்ஹூவும் மிரியம் மெராடும் இவற்றின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்தனர். கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி, இரத்த ஓட்டம் தொடங்கிய வேளையில் மூளைக்குள் நுழைந்து, பிறகு வாழ்நாள் முழுக்க அங்கேயே பெருகி நிலைப்பவை இவை. வெளியிலிருந்து குடியேறியவை என்று ஓர்டேகா சொன்னது தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது.

ஐகெலன்பூம் கண்ட காம்ப்ளிமென்ட் புதிருக்கும் விடை கிடைத்தது, அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. பென் பாரஸின் ஸ்டான்போர்டு கூடத்தில் பெத் ஸ்டீவன்ஸ் ஆராய்ந்தது நோயை அல்ல, குட்டி எலிகளின் மூளை வளர்ச்சியை. வளரும் மூளை தேவைக்கு அதிகமாக நரம்பிணைப்புகளை உண்டாக்கிவிட்டுப் பின்னர் குறைத்துக்கொள்கிறது. வேண்டாத இணைப்புகளில் காம்ப்ளிமென்ட் அடையாளமிடுகிறது என்று 2007இலும், அடையாளமிட்டவற்றை விழுங்குவது மைக்ரோகிளியா என்று 2012இலும் தெரிந்தது. அல்சைமர் மாதிரி எலிகளில், படிவு தோன்றும் முன்பே இந்தப் பழைய ஏற்பாடு மீண்டும் விழித்துக்கொண்டு, நல்ல இணைப்புகளையும் விழுங்குகிறது என்று 2016இல் ஸ்டீவன்ஸ் குழு காட்டியது. நினைவு மங்குவதற்கும் இணைப்புகள் அழிவதற்கும் உள்ள நெருக்கத்தை எண்ணினால், மைக்ரோகிளியாமீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் மிகக் கனமானது இதுதான்.

ஆனால் மரபணுக்கள் வேறு சாட்சி சொல்லின. 2009 முதல் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வுகள், அல்சைமருக்கு வழிவிடும் மரபணுக்களை வரிசையாகக் கொண்டுவந்தன. அவற்றில் கணிசமானவை மைக்ரோகிளியாவில் இயங்குபவை. இவற்றில் தலையாயது ட்ரெம்-2. இம்மரபணுவுக்கு முன்பே ஒரு கதை உண்டு. பின்லாந்திலும் ஜப்பானிலும் அரிதாகக் காணும் நாசு-ஹாக்கோலா நோயில், இளம் வயதில் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் எலும்பு உள்ளுக்குள் குழிந்து முறியும். நாற்பது வயதை நெருங்கும்போது மறதி நோய் வந்து சேரும். எலும்பு முறிவுக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு? எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் அணுவும் மைக்ரோகிளியாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ட்ரெம்-2 தேவை. அந்த மரபணு பழுதானாலும் இந்நோய் வரும் என்று 2002இல் தெரிந்தது.

தாய், தந்தை இருதரப்பிலிருந்தும் வந்த ட்ரெம்-2 கெட்டால் நாசு-ஹாக்கோலா. ஒரே ஓர் எழுத்து மாறிய ட்ரெம்-2 ஒன்று மட்டும் இருந்தால்? ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனமும், லண்டனைச் சேர்ந்த ஜான் ஹார்டி, ரீட்டா கெரைரோ உள்ளிட்டோரின் குழுவும் ஒரே நேரத்தில் 2012 இறுதியில் விடை சொன்னார்கள்: அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ட்ரெம்-2 குறைந்த எலிகளில் மைக்ரோகிளியா படிவைச் சுற்றி வளைப்பதில்லை. படிவு கட்டுக்குள் நிற்காமல் பரவி, அருகிலுள்ள நரம்பிழைகளைச் சேதப்படுத்துகிறது. ஆக, மெகியர் கண்ணில் பட்ட மொய்க்கும் கூட்டம் சேதம் செய்ய வந்தது மட்டுமல்ல, சேதத்துக்கு அணை போட வந்ததும்கூட. அழற்சியை மொத்தமாக அடக்கிய மாத்திரைகள் ஏன் தோற்றிருக்கலாம் என்பதற்கு இது நல்ல விளக்கம். தொடக்கத்தில் காக்கும் அணுக்களே பின்னர் இணைப்புகளைத் தின்கின்றன. எந்தக் கட்டத்தில் எதை அடக்குவது, எதைத் தூண்டுவது என்று தெரியாமல் கொடுத்த மருந்துகள் அவை.

மூளை தனித் தீவு என்ற கருத்தின் கடைசித் தூணும் 2015இல் சாய்ந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆன்டுவான் லூவோ எலியின் மூளையுறையை மண்டையோட்டில் ஒட்டியபடியே பதப்படுத்தி, பிறகு முழுதாக உரித்து விரித்துப் பார்த்தார். பெரிய சிரைகளை ஒட்டி நிணநீர்க் குழாய்கள் ஓடின. ஜோனத்தன் கிப்னிஸின் அந்தக் குழுவோடு ஹெல்சிங்கியில் காரி அலிட்டலோவின் குழுவும் அதே ஆண்டு அதையே அறிவித்தது. இத்தாலியின் பாவ்லோ மஸ்காஞ்ஞி 1787இலேயே அப்படிக் குழாய்கள் உண்டு என்று எழுதியிருந்தார், யாரும் நம்பவில்லை. மூளையின் கழிவும் செய்தியும் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேரும் பாதை அது. வயது ஏற ஏற அதன் ஓட்டம் மந்தமாகிறது என்பதும் எலிகளில் தெரிந்தது.

தடுப்பூசிப் பாதையிலிருந்து பிறந்த ஆன்டிபாடி மருந்துகள் இன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. உடலே ஆன்டிபாடி தயாரிக்கட்டும் என்று விடாமல், தயாரான ஆன்டிபாடியை அளவோடு சிரையில் ஏற்றுவது இவற்றின் உத்தி. அமிலாய்டில் ஒட்டிய ஆன்டிபாடியைப் பற்றிக்கொண்டு விழுங்குவது மைக்ரோகிளியாதான். லெகனமேப் மருந்தை ஆரம்பநிலை நோயாளிகள் 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில், நலிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2023 ஜூலையில் முழு ஒப்புதல் அளித்தது. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு மூளைவீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு உடல்தொல்லை இல்லை என்றாலும் சிலருக்கு ஆபத்தானது. சதவீதத்தைக் கேட்டுப் பூரிப்பவர்கள், 18 புள்ளிகள் கொண்ட மதிப்பெண் முறையில் வேறுபாடு 0.45 புள்ளியே என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நோயாளியின் குடும்பத்துக்கு அது கண்ணுக்குத் தெரியும் மாற்றமா என்ற விவாதம் ஓயவில்லை.

ட்ரெம்-2வை நேரடியாகத் தூண்டும் ஏ.எல்.002 என்ற ஆன்டிபாடி, இரண்டாம் கட்டச் சோதனையில் பலனளிக்கவில்லை என்று 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அணுவைத் தூண்டினாலே போதும் என்ற எளிய நம்பிக்கைக்கும் அத்தோடு அடி விழுந்தது.

எதிர்பாராத நற்செய்தி ஒன்று வேல்ஸிலிருந்து வந்தது. அங்கே 2013 செப்டம்பர் 1ஆம் தேதி அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அன்றும் பின்னரும் பிறந்தவர்களுக்கு உண்டு. ஒரு வாரம் முன்பின் பிறந்தவர்களுக்கிடையே வயதிலோ பழக்கவழக்கத்திலோ பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. தடுப்பூசி ஒன்றே வேறுபாடு. ராட்டர்டாம் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்கள் தாமாக எடுத்தவர்கள் என்ற குறை இங்கே இல்லை. ஸ்டான்போர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்குப்படி, தடுப்பூசி பெற்றவர்களுக்கு அடுத்த ஏழாண்டுகளில் மறதி நோய் வருவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களில் இந்தப் பலன் ஆண்களைவிடத் தெளிவாக இருந்தது. கிருமியை அடக்கியதால் வந்த பலனா, நோயெதிர்ப்பையே பொதுவாக முடுக்கியதால் வந்த பலனா என்பது இன்னும் தீரவில்லை. மைக்ரோகிளியாவையே இலக்காகக் கொண்ட அல்சைமர் மருந்து எதற்கும் இதுவரை ஒப்புதல் கிடைக்கவில்லை.

(தொடரும்)